பேட்டரி பிளக் விஷயமாகச் சம்பந்திக்கு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்திற்கு,

பணிவான வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் சுகம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகம்தானா என்று மாப்பிள்ளையிடம் விசாரித்தேன். "ம்" என்றார். தங்கள் முழங்கால் வலி தேவலையா என்றேன். அதற்கும் "ம்" என்றார். தங்கள் புதல்வர் எதையும் இதைவிட விரிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆகவே வலி நீங்கித் தாங்கள் மாடிப்படி ஏறி இறங்குவதாகவே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

போனில் பேசிவிடக்கூடிய சமாசாரத்துக்குக் கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். அன்று சோளக்காட்டில் நம் இருவருக்கும் நடந்த கருத்துப் பரிமாற்றத்துக்குப் பிறகு, என் மனைவி என் போனிலிருந்து தங்கள் நம்பரை எடுத்துவிட்டாள். "உங்களுக்கு வாயைத் திறக்கத்தான் தெரியும், மூடத் தெரியாது. அது பொண்ணு வாழற வீடு. சொல்ல வேண்டியதை எழுதிக் குடுங்க, கை வலிச்சாலாவது நிறுத்துவீங்க" என்பது அவள் வாதம். ஆயுசு பூராவும் மைக் செட் வைத்துத் தொழில் செய்தவன் நான். கூட்டம் தொடங்குவதற்கு முன் மைக்கைத் தட்டி, ஊதி, நாலு வார்த்தை பேசிப் பார்ப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. அந்த நாலு வார்த்தை சில சமயம் அரைமணி ஓடியிருக்கலாம். கூட்டத்துக்கு வந்தவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. கையும் இதுவரை வலிக்கவில்லை.

விஷயம், நம் கிளைடரின் பேட்டரி பிளக். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர், நான் வராந்தாவில் ஒயரும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "எஞ்சினே இல்லாத விமானம்னு சொன்னீங்க, அப்புறம் எதுக்கு சார் பேட்டரி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கயிறு கட்டி மேலே இழுத்துவிட்டால் அதுபாட்டுக்கு மிதக்கும், ஆனால் மேலே எழும்புகிற காற்றைத் தேடிப் பிடித்து அதற்குள் சுற்றிச் சுற்றித்தான் ஏறவேண்டும், ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று கீச்சுக் கீச்சென்று கத்திச் சொல்ல வேரியோ என்று ஒரு கருவி, தரையோடு பேச ரேடியோ, வழி காட்ட ஒரு சின்னத் திரை, இவ்வளவும் ஓட ஒரு பேட்டரி, அது தீர்ந்தால் சுவிட்சைத் திருப்பி மாற்றிக்கொள்ள இன்னொன்று என்று நிறுத்தி நிதானமாக விளக்கினேன். "அப்ப பிளக்கு பிடிப்பா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் கிளினிக்குக்குப் போய்விட்டார். பல்லைப் பிடுங்குகிறவருக்குக் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபடியே புரிந்துவிட்டது. நமக்குத்தான் இதை வைத்துக்கொண்டு முகம் பார்க்காத அளவுக்குப் போகவேண்டியிருந்தது.

கல்யாணத்தின்போது நாம் இருவரும் சேர்ந்து அந்தப் பழைய வெள்ளைக் கிளைடரை வாங்கிக் கொடுத்தோம். ஆகாயத்தில் பழகிக் கல்யாணம் செய்துகொண்ட பிள்ளைகளுக்குக் கட்டிலும் பீரோவுமா வாங்குவது என்று கேட்டவர் தாங்கள்தான். நல்ல யோசனை, நான் மறுக்கவில்லை. ஓட்டுவது என் மகள். மாப்பிள்ளையும் ஓட்டுவார், ஆனால் கிளம்பும்போது இறக்கையின் நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி, கையை விட்டுவிட்டு அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்தான் அவருக்குத் திருப்தி. நாம் இருவரும் தரைப்படை. ஒரு கார், அதன் பின்னால் கிளைடர் ஏற்றும் டிரெய்லர், ஆளுக்கொரு வாக்கி டாக்கி. எங்காவது வயலில் இறங்கிவிட்டாள் என்றால் போய்க் கழற்றி ஏற்றிக்கொண்டு வருவது நம் வேலை. பறந்து முடித்ததும் கிளைடர் கிளப்பில் எல்லாரும் பேட்டரியைக் கழற்றித் தூக்குவாளி மாதிரி கையில் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டுக்குச் சார்ஜ் போட எடுத்துப்போவார்கள். நமக்கு இரண்டு பேட்டரி, இரண்டு வீடு. இடது பக்கப் பேட்டரி எங்கள் வீட்டுக்கு, வலது பக்கப் பேட்டரி தங்கள் வீட்டுக்கு. இவ்வளவு அழகான ஏற்பாட்டில் மனஸ்தாபம் வர இடமே இல்லை. தாங்கள் மட்டும் தங்கள் பேட்டரிக்கு அந்தச் சப்பைப் பிளக்கைப் போடாமல் இருந்திருந்தால்.

சப்பை என்று நான் சொல்வது வடிவத்தை. தாங்கள் கிடங்கில் சூப்பர்வைசராக இருந்தவர், சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளைச் சார்ஜ் போடுகிற அந்தச் சிவப்பும் கறுப்புமான பிளக்கைத் தவிர வேறு பிளக்கைப் பிளக்கென்றே ஒத்துக்கொள்ளமாட்டீர்கள். நான் மேடை மைக்குக்குப் போடுகிற உருண்டைப் பிளக்கைப் போட்டேன். உள்ளே மூன்று ஊசி, சொருகினால் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும், புயலில்கூட என் மைக் கழன்று விழுந்ததில்லை. ஆக ஒரே கிளைடரில் இடது பக்கம் ஒரு பிளக், வலது பக்கம் ஒரு பிளக். என் சார்ஜர் தங்கள் பேட்டரிக்கு ஆகாது, தங்கள் சார்ஜர் என் பேட்டரிக்கு ஆகாது. இதிலும் ஒரு சௌகரியம் இருந்தது. எது கெட்டாலும் யார் மேல் பழி போடுவது என்பதில் குழப்பமே வராது.

அன்று நடந்ததைத் தாங்கள் ஒருவிதமாகச் சொல்லிவருவதாகக் கேள்வி. நடந்தது இதுதான். மத்தியானம் வரை ஒரு குறையும் இல்லை. மகள் மேலே, நாம் கீழே. நான் மேகத்தைப் பார்த்து அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். தாங்கள் திசையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். நான் மூச்சு வாங்கிய நேரத்தில் தாங்கள் பேசினீர்கள், தாங்கள் தண்ணீர் குடித்த நேரத்தில் நான் பேசினேன். ஒரு வினாடிகூட அந்தப் பெண் தனியாக இருப்பதாக நினைத்துவிடக்கூடாது என்று இருவரும் பாடுபட்டோம். அப்போதுதான் ரேடியோ செத்தது. நான் கூப்பிட்டேன், பதில் இல்லை. நீங்கள் கூப்பிட்டீர்கள், பதில் இல்லை. இருவரும் ஒன்றாகக் கூப்பிட்டோம். ஒரு சத்தமும் இல்லை.

அதற்குப் பிறகு அந்தக் காரில் போனோமே, அதை நான் மறக்கமாட்டேன் சம்பந்தி. மாப்பிள்ளை ஓட்டினார், நீங்கள் முன் சீட்டில், நான் பின் சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒவ்வொரு மரத்தின் மேலும், ஒவ்வொரு வரப்பின் மேலும் வெள்ளையாக ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். வெள்ளையாக ஒன்றும் இருந்துவிடக்கூடாதே என்றும் பார்த்துக்கொண்டு வந்தேன். கண்ணில் காற்று அடிக்கிறது என்று உங்களிடம் சொன்னேனே, அது பொய். அழுதுகொண்டுதான் வந்தேன். நீங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். உங்கள் பக்கத்துக் கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது. பார்த்தேன், கேட்கவில்லை.

அப்புறம் யாரோ ஒரு பால் வேன் டிரைவரின் போனிலிருந்து அவள் என்னைக் கூப்பிட்டாள், ஸ்பீக்கரில் போட்டேன். "அறுத்த சோளக்காட்டுல இறங்கிட்டேன். எனக்கு ஒண்ணும் இல்ல. ரேடியோ போயிடுச்சு." போய்ப் பார்த்தால் கிளைடரும் முழுசாக நிற்கிறது, பெண்ணும் முழுசாக நிற்கிறாள். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்து தண்ணீர் குடித்திருப்பார்கள். நாம் ஆளுக்கொரு பக்கமாக ஓடிப் போய் எதிராளியின் பேட்டரிப் பெட்டியைத் திறந்தோம்.

"பாருங்க, உங்க பிளக்கு பூட்டவே இல்ல. தொட்டதும் கையோட வந்துடுச்சு" என்றீர்கள் நீங்கள்.

"புடுங்கினா வராம என்ன செய்யும்? உங்களுது நான் பக்கத்துல போய் மூச்சு விட்டதுக்கே வந்துடுச்சு" என்றேன் நான்.

"எங்க கிடங்குல இந்தப் பிளக்கு எத்தனை டன் தூக்கியிருக்கும் தெரியுமா?"

"தூக்கட்டும். இங்க தூக்க ஆள் கேட்கல, பேச ஆள் கேட்டோம்."

மகள் நடுவில் வந்து, "அப்பா, மாமா, ஒரு விஷயம்" என்று ஏதோ ஆரம்பித்தாள். "இரும்மா, பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். அன்று நாம் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். மாப்பிள்ளை தனி ஆளாக நின்று இறக்கையைக் கழற்ற ஆரம்பித்தார்.

இதற்குப் பிறகுதான் கிளப் இன்ஸ்பெக்டர் விஷயத்தைக் கையில் எடுத்தார். எதையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற வழக்கத்தால் பூதம் என்று பெயர் வாங்கிய மனிதர். "ஒரு பேட்டரி போனா சுவிட்சைத் திருப்பிட்டு இன்னொண்ணுல ஓட்டலாமே, ரெண்டும் ஒரே நேரத்துல எப்படிப் போகும்?" என்று கேட்டு நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவரோடது போயிருக்கும்" என்று நான் உங்களைக் காட்ட, நீங்கள் என்னைக் காட்ட, "அப்படின்னா ரெண்டு பிளக்குமே மட்டம்னு ஆகுது" என்று எழுதிவிட்டார். ரெண்டு பேட்டரிக்கும் ஒரே பிளக், ஒழுங்கான ஒயரிங், தான் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பறக்கலாம். இன்னொரு தடவை ரேடியோ செத்தால் கிளைடர் கொட்டகையை விட்டு வெளியே வராது. வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் இந்தப் பருவத்தில் நல்ல காற்று உள்ள கடைசி நாள் என்கிறார்கள். முன்னூறு கிலோமீட்டர் சுற்றி வந்து இறங்கவேண்டும் என்று அவள் எத்தனை நாளாக அதே நினைப்பாக இருக்கிறாள் என்பது உங்களுக்கும் தெரியும்.

இரண்டு பேட்டரிக்கும் என் பிளக்கையே போட்டுவிட்டு, இன்ஸ்பெக்டர் சொன்னார் என்று உங்களிடம் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மறைப்பானேன். காட்டுவதற்காக எடுத்துப்போனேன், இன்ஸ்பெக்டர் என் பேட்டரியைக் கையில் வாங்கியதும் முகம் சுளித்தார். "ஊசி இருக்கிற பக்கத்தைப் பேட்டரியில போட்டிருக்கீங்களே?" என்றார். எங்கள் தொழிலில் அப்படித்தான். மைக்கிலிருந்து சத்தம் வெளியே வருகிற பக்கம் ஊசி, வாங்கிக்கொள்கிற பக்கம் ஓட்டை. பேட்டரியிலிருந்து கரண்ட் வெளியே வருகிறது, ஆகவே ஊசி. என் கணக்கில் என்ன தப்பு? "சத்தம் சுடாது சார், கரண்ட் சுடும். வெளியே நீட்டிக்கிட்டிருக்கிற ஊசி எது மேலயாவது பட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார். எது மேலயும் படாதுங்க, பைக்குள்ளதான் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதே பைக்குள்தான் வீட்டுச் சாவிக்கொத்தும் இருந்தது. தெருமுனை வருவதற்குள் பை புகைந்தது. நான் அதை உதறிய உதறலில் எதிரே வந்த பெண்மணி ஒதுங்கிப் போனார். சாவி சூட்டில் பையின் அடியில் ஓட்டை விழுந்து, என் மூக்குக் கண்ணாடி அதன் வழியாக எங்கோ போய்விட்டது. பியூஸ் போடவில்லையா என்று கேட்பீர்கள். போட்டிருந்தேன், கிளைடருக்குள்ளே, பேனலில். பேட்டரி பைக்குள் இருக்கும்போது பேனலில் இருக்கிற பியூஸ் என்ன செய்யும்? அதனால்தான் பியூஸைப் பேட்டரியிலிருந்து ஒயர் கிளம்புகிற வாசலிலேயே வைக்கவேண்டுமாம். இது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

சரி, ஊசியை மாற்றிப் போட்டுவிடலாம் என்று பேட்டரியை மேஜைமேல் வைத்துவிட்டுப் புதுக் கண்ணாடி வாங்கக் கடைக்குப் போனேன். வந்து பார்த்தால் வீடு முழுக்கக் கருகல் வாடை. நான் தொழிலை விட்ட பிறகும் பிள்ளை மாதிரி வைத்துக் காப்பாற்றிவந்த மிக்ஸர் பெட்டி மேஜையின் அந்தப் பக்கம் இருந்தது. பாட்டுச் சத்தம் கலக்குகிற மிக்ஸர், சமையலறை மிக்ஸர் அல்ல. என் மனைவி தூசி தட்டும்போது பேட்டரியிலிருந்து ஒரு ஒயர் தொங்குவதைப் பார்த்திருக்கிறாள், பக்கத்தில் மிக்ஸரில் அதே அளவுக்கு ஒரு ஓட்டை காலியாக இருப்பதையும் பார்த்திருக்கிறாள். "ஒயரைத் தொங்கவிடாதீங்க, அதுக்குன்னு இருக்கிற எடத்துல சொருகி வைங்கன்னு கல்யாணமான நாள்லேருந்து சொல்றேன். நீங்க செய்யல, நான் செஞ்சேன்" என்றாள். பேட்டரிக்குப் போடுகிற பிளக் வீட்டில் வேறு எந்த ஓட்டைக்கும் பொருந்தக்கூடாது என்கிற ஞானம் எனக்கு அந்தக் கருகல் வாடையில்தான் பிறந்தது. எங்கள் வீட்டில் ஃபோர்க்லிஃப்ட் கிடையாது. ஆகவே உங்கள் சப்பைப் பிளக்கு எதிலும் போய் நுழையாது. அன்றைக்கே கட்சி மாறிவிட்டேன்.

மாறினால் மட்டும் போதுமா? உங்கள் பிளக்கை ஒயரில் பொருத்துவதற்குள் நான் தலைகீழாக நின்றேன். வாழ்நாளெல்லாம் சால்டர் வைத்தே பழகிய கை. பளபளவென்று ஈயத்தை உருக்கி ஊற்றி, என் தொழிலில் இப்படி ஒரு இணைப்பு கொடுத்ததில்லை என்கிற பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். இன்ஸ்பெக்டர் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார், ஒயரை இப்படியும் அப்படியும் நாலு தடவை ஆட்டினார், பட்டென்று ஒடித்து என் கையிலேயே கொடுத்தார். ஈயம் ஊறின ஒயர் விறைத்துக்கொள்ளும், அதிர்வில் விறைப்பு முடிகிற இடத்தில் ஒடியும், அமுக்கி இறுக்குகிற இடுக்கியால்தான் இறுக்கவேண்டும் என்றார். அந்த இடுக்கியை வாங்கினேன். முதலில் அது என் கட்டை விரலைத்தான் இறுக்கியது. அப்புறம் ஒயரை இறுக்கியது. ஆனால் படத்தைப் பார்த்துச் சிவப்பை இடதும் கறுப்பை வலதுமாகக் கோத்தேனே, படத்தில் முன்னாலிருந்து பார்த்து வரைந்திருக்கிறான், நான் பின்னாலிருந்து பார்த்துக் கோத்திருக்கிறேன். சிவப்பு வாயில் கறுப்பு போய் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டது. மீட்டர் வைத்துப் பார்க்காமல் சுவிட்சைப் போட்டிருந்தால் ரேடியோ நிஜமாகவே புகையாகப் போயிருக்கும். இன்ஸ்பெக்டர் அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. என் பேட்டரி, என் சார்ஜர், கிளைடரின் இடது பக்க ஒயர், மூன்றிலும் உங்கள் பிளக். சூடு காட்டினால் சுருங்கி இறுகுகிற குழாய் மாட்டி, ஒயர் இழுபடாமல் கட்டி, இரண்டு பேட்டரிக்கும் வாசலில் பியூஸ் வைத்தாயிற்று. உங்கள் பேட்டரியை மாப்பிள்ளை மூலம் வரவழைத்து, உங்கள் பக்கத்தையும் நானே திறந்து பார்த்து இறுக்கினேன், கோபிக்கக்கூடாது. இன்ஸ்பெக்டர் பிளக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என் மிக்ஸர் போயிற்று, பை போயிற்று, கண்ணாடி போயிற்று, கட்டை விரல் வீங்கிக்கிடக்கிறது. போகட்டும். ஞாயிற்றுக்கிழமை ரேடியோ சாகாது. அவள் குரல் கடைசிவரை கேட்கும். இன்னொரு தடவை அந்தப் பின் சீட்டில் அப்படி உட்கார்ந்து வர என்னால் ஆகாது சம்பந்தி. அதற்காக உங்கள் பிளக்கென்ன, உங்கள் ஃபோர்க்லிஃப்டையே வேண்டுமானாலும் கிளைடரில் மாட்டுவேன். பழையதை மறந்துவிட்டு, நீங்கள் எப்போதும்போல வாக்கி டாக்கியோடு வந்துவிடுங்கள். இந்தத் தடவை நாம் முறை போட்டுக்கொண்டு இடைவெளியே இல்லாமல் பேசுவோம்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் அன்பான விசாரிப்பு. தங்கள் முழங்காலுக்கு ஆரோக்கியமும், பிள்ளைகளுக்கு நல்ல காற்றும் மெத்தென்ற தரையும் கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி
(இடது பக்கப் பேட்டரி)

பி.கு.: கடிதத்தை மடித்து வைத்த நேரத்தில் பேட்டரியை எடுத்துப்போக மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பலாம் என்று நீட்டினேன், நடுவில் மகள் வாங்கிப் பிரித்துவிட்டாள். மிக்ஸர் வரைக்கும் சிரித்துக்கொண்டே படிப்பாள் என்று பார்த்தேன். கண்ணில் காற்று அடித்த இடத்திலேயே நிறுத்திவிட்டாள். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, ரேடியோ சாகல. நான்தான் அணைச்சேன்."

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க ஒரு பக்கம் அந்த மேகத்துக்குப் போ, இந்த மேகத்துக்குப் போங்கறீங்க. மாமா ஒரு பக்கம் வலது, வலது, மெதுவா, ரிவர்ஸ் எடுக்காதேங்கறாரு. கிளைடர்ல ரிவர்ஸ் இல்லப்பா. வேரியோ கத்தறது காதுலயே விழல. நல்லா ஏறிட்டிருந்த காத்தைத் தவற விட்டுட்டேன். தேடிப் பிடிக்கலாம்னு அணைச்சேன். அதுக்குள்ள கீழ வந்துட்டேன்."

"ரேடியோ போயிடுச்சுன்னு சொன்னியே?"

"மாமாவும் கேட்டுட்டிருக்கறப்ப வேற என்ன சொல்வாங்க?"

"அப்புறமாவது எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லத்தான் வந்தேன். நீங்க ரெண்டு பேரும் பேசறதை எங்க நிறுத்தினீங்க?"

மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். "உங்களுக்கு இது தெரியுமா மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "ம்" என்றார்.

அவள் கடிதத்தை மறுபடி எடுத்து அந்தக் கார் இடத்தை இன்னொரு தடவை படித்தாள். "ரெண்டு பேரும் அழுதீங்கன்னு தெரிஞ்சிருந்தா அணைச்சிருக்கமாட்டேன்பா" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சத்தத்தைக் குறைச்சு வெச்சிருப்பேன்" என்றாள்.

ஆகவே மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர மற்றதை ரத்தாகக் கருதவும். என் பிளக்கிலும் தப்பில்லை, உங்கள் பிளக்கிலும் தப்பில்லை. உங்கள் நம்பரை என் மனைவி தன் கையாலேயே என் போனில் திரும்பப் போட்டுவிட்டாள். "ரெண்டு பேரும் உங்களுக்குள்ளயே பேசிக்குங்க, அவளை விட்டுடுங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாக்கி டாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும். என்னுடையதை இப்போதே வாங்கிக்கொண்டுவிட்டார்கள். நமக்கு ஒன்றே ஒன்று, அதுவும் மாப்பிள்ளை கையில். அவளாகக் கூப்பிட்டால் மட்டும் நாம் ஆளுக்கொரு முறை பதில் சொல்லலாம் என்று கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். "ம்" என்று மட்டும்தான் சொல்லவேண்டுமாம். எப்படிச் சொல்வது என்று காரில் போகும்போது மாப்பிள்ளை நம் இருவருக்கும் சொல்லித் தருவார்.